இலவச உணவுக்கு ஏலம்: அமெரிக்க உணவு வங்கிகள் பங்கீட்டு முறையை மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவில் ஏழைகளுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் வேலை இரண்டு அடுக்காக நடக்கிறது. கீழ் அடுக்கில் தேவாலயங்களும் சமூகக் கூடங்களும் நடத்தும் சின்னச் சின்ன விநியோக மையங்கள் இருக்கின்றன. பசியோடு வருபவர் போய் நிற்பது அங்கேதான். மேல் அடுக்கில் இருப்பவை உணவு வங்கிகள். குடோன், குளிர்பதன அறை, லாரி, ஊழியர்கள் என்று இவை பெரிய அளவில் இயங்குகின்றன. முதல் உணவு வங்கி 1967இல் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 200 உணவு வங்கிகள் அளவுக்கு ஒரு வலையமைப்பு இருக்கிறது. இவற்றை இணைக்கும் தலைமை அமைப்பு 1979இல் உருவானது. 2008இலிருந்து அதன் பெயர் 'ஃபீடிங் அமெரிக்கா'. இந்த ஆய்வு பேசும் காலத்தில் அதன் பெயர் 'அமெரிக்காஸ் செகண்ட் ஹார்வெஸ்ட்'.

ஒவ்வொரு உணவு வங்கியும் தன் பகுதியில் உள்ள கடைகள், தொழிற்சாலைகள், பண்ணைகளிடமிருந்து தானே உணவு திரட்டுகிறது. பெரும்பகுதி அப்படி வருவதுதான். அதற்கு மேல், நாடு தழுவிய பெரிய நிறுவனங்கள் கொடுக்கும் லாரி லாரியான சரக்கு தலைமை அமைப்பின் கைக்கு வருகிறது. அதை யாருக்கு அனுப்புவது என்பதுதான் இங்கே பிரச்சினை.

இந்த நிகழ்வை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. சந்தையா திட்டமிடலா என்ற வாதம் நூறு ஆண்டுகளாக நடக்கிறது. அதில் பேசுபவர்கள் பெரும்பாலும் முழு நாட்டையும் முழு வரலாற்றையும் இழுத்துக்கொண்டு வருவதால், எந்த வாதம் எங்கே பொருந்துகிறது என்று பிரித்துப் பார்க்க வழியே இருப்பதில்லை. இங்கே லாபம் தேடுபவர் யாரும் கிடையாது. எல்லோருடைய நோக்கமும் ஒன்று. பணம்கூட உண்மையான பணம் இல்லை. அப்படியும் அறிவு, கணக்கீடு, நியாயம் மூன்றும் மோதிக்கொண்டன. சின்ன இடத்தில் நடந்ததால் மோதலைக் கிட்டத்தில் பார்க்க முடிகிறது.

பழைய முறை

2005 வரை பங்கீடு ஒரு வரிசைப்படி நடந்தது. ஒவ்வொரு உணவு வங்கிக்கும் ஒரு தேவை விகிதம் கணக்கிடப்பட்டது. அந்தப் பகுதியில் ஏழைகள் எத்தனை பேர் என்பதுதான் அதற்கு அடிப்படை. தன் தேவை விகிதத்தோடு ஒப்பிடும்போது யாருக்குக் குறைவாகக் கிடைத்திருக்கிறதோ அவர் வரிசையில் முன்னுக்கு வருவார். சரக்கு வந்தால் தலைமை அலுவலகத்திலிருந்து முன்னால் நிற்பவருக்குத் தொலைபேசி அழைப்பு போகும்: இன்ன பொருள் ஒரு லாரி, இன்ன ஊரில் இருக்கிறது, வேண்டுமா? சில மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் லாரி வாடகை உணவு வங்கியின் செலவு. வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு அழைப்பு.

கிடைத்தது எவ்வளவு என்பது எடையை வைத்துக் கணக்கிடப்பட்டது. கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு பவுண்டும், உருளைக்கிழங்கு ஒரு பவுண்டும், ஊறுகாய் ஒரு பவுண்டும் கணக்கில் ஒன்றுதான்.

இதை வடிவமைத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் சலுகை கிடையாது. தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் கிடையாது. ஏழைகள் அதிகம் உள்ள இடத்துக்கு அதிகம் போகும். ஒரு பொது அமைப்பிடம் நியாயம் என்று நாம் எதிர்பார்ப்பது ஏறக்குறைய இதைத்தான்.

கண்டவை

அப்படியும் நடந்தது வேறு. உருளைக்கிழங்குக்குப் பேர்போன ஐடஹோ மாநிலத்துக்கு உருளைக்கிழங்கை அனுப்பும் முறை என்று அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் கொல்லன் தெரு எது என்று தலைமை அலுவலகத்துக்குத் தெரிய வழியே இல்லை என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

ஓர் உணவு வங்கி இயக்குநர் தன் குடோனில் நின்றுகொண்டு என்னவெல்லாம் அறிந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்பதன அறையில் எவ்வளவு இடம் மிச்சம், பக்கத்து ஊர்ப் பண்ணையிலிருந்து இந்த மாதம் எவ்வளவு காய்கறி வரும், கையில் உள்ள பொருட்களில் எது சீக்கிரம் கெடும், எந்த விநியோக மையத்தில் அடுப்பு இல்லாதவர்கள் அதிகம் வருகிறார்கள், தன் லாரி எந்த ஊரிலிருந்து காலியாகத் திரும்புகிறது - இவை எதுவும் தேவை விகிதத்துக்குள் வராது. அந்த விகிதம் ஏழைகளின் தலைகளை எண்ணும். குடோனைப் பார்க்காது.

இதிலிருந்து மூன்று கோளாறுகள் வந்தன. முதலாவது, பொருள் தவறான இடத்துக்குப் போனது. வேண்டியவர் வரிசையில் பின்னால் நிற்க, வேண்டாதவருக்கு அழைப்பு போகும். தூரமும் கணக்கில் இல்லை. நாட்டின் ஒரு மூலையில் உள்ள சரக்குக்கு மறுமூலையில் இருப்பவர் அழைக்கப்படலாம். இரண்டாவது நேரம். ஒருவர் யோசித்து மறுத்து, அடுத்தவர் யோசித்து மறுத்து என்று மணிக்கணக்கில் போகும்; சரக்கு கொடுத்த நிறுவனத்தின் கிடங்கிலோ இடம் காலியாக வேண்டும். மூன்றாவது, திட்டமிட முடியாமை. அடுத்த அழைப்பு எப்போது, எதற்கு என்று தெரியாததால் கிடைத்ததை வாங்கிவைக்கத் தோன்றும்.

சில உணவு வங்கிகளைச் சுற்றி உணவுத் தொழிற்சாலைகள் நிறைந்திருந்தன. சிலவற்றைச் சுற்றி ஒன்றும் இல்லை. ஏழைகளின் எண்ணிக்கை சமமாக இருந்தால் வரிசையில் இருவருக்கும் ஒரே இடம். சமமாக நடத்தும் சூத்திரம் சமமில்லாதவர்களைப் பார்க்காமல் விட்டது.

கணக்குப் போட முடியாததா, கணக்குக்கு எண் கிடைக்காததா?

2004இல் இதைத் திருத்த ஒரு குழு அமைக்கப்பட்டது. உணவு வங்கி இயக்குநர்கள், தலைமை அமைப்பின் ஆட்கள், சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நால்வர் அதில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த தேர்வுகளைப் புரிந்துகொள்ள, கொஞ்சம் பின்னால் போய்விட்டு வர வேண்டும்.

விலை இல்லாமல் ஒரு பொருளாதாரத்தைப் பகுத்தறிவோடு நடத்த முடியாது என்று ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் மீசெஸ் 1920இல் எழுதினார். அதற்குப் பதில் சொன்னவர்களில் முக்கியமானவர் போலந்தைச் சேர்ந்த சோஷலிசப் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் லாங்கே. அவர் இறந்த பிறகு 1967இல் வெளியான கட்டுரையில், சந்தை என்பதே மின்னணுக் காலத்துக்கு முந்திய ஒரு கணிப்பொறிதான், இப்போது உண்மையான கணிப்பொறி வந்துவிட்டது, சமன்பாடுகளைக் கொடுத்தால் ஒரு நொடிக்குள் விடை வந்துவிடும் என்ற பொருளில் வாதிட்டார். வெறும் கற்பனை என்று அதைத் தள்ளிவிட முடியாது. சோவியத் கணிதவியலாளர் கான்டரோவிச் 1939இலேயே ஒட்டுப்பலகைத் தொழிலில் எந்தப் பொருளை எந்த இயந்திரத்துக்குக் கொடுப்பது என்ற கேள்வியிலிருந்து நேரியல் திட்டமிடல் என்ற கணித முறையை உருவாக்கியிருந்தார். 1975இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கூப்மன்ஸுக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. 200 குடோன்களுக்குச் சில லாரிகளைப் பிரித்து அனுப்புவது அந்த முறைக்கு மிகச் சின்ன வேலை. 2004இன் ஒரு சாதாரணக் கணிப்பொறி அதைக் கண் சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும்.

ஆக, கணக்கீட்டு வலிமையில் குறை ஒன்றும் இல்லை. கணக்கில் போடுவதற்கு எண் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு குடோனுக்கும் ஒவ்வொரு பொருளும் இன்றைக்கு எவ்வளவு முக்கியம் என்ற பட்டியல் தலைமை அலுவலகத்தில் கிடையாது. சந்தையின் பக்கம் வாதாடிய பொருளாதார அறிஞர் ஹயக் 1945இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையமும் இதுதான்: சமூகத்துக்குத் தேவையான அறிவு ஒரே இடத்தில் முழுசாகக் குவிந்திருப்பதில்லை, அந்தந்த நேரத்தையும் இடத்தையும் சேர்ந்த துண்டுகளாக ஆளாளுக்குச் சிதறிக் கிடக்கிறது.

சரி, கேட்டு வாங்கிக்கொள்ளலாமே என்று தோன்றும். தினமும் ஒரு படிவம் அனுப்பச் சொல்லி இருப்பையும் தேவையையும் நிரப்பச் சொன்னால் போதாதா? இதில் இரண்டு சிக்கல். நிறைய இருக்கிறது என்று எழுதினால் வரிசையில் பின்னால் போக நேரும் என்று தெரிந்தால், யாருமே நிறைய இருக்கிறது என்று எழுத மாட்டார்கள். அது பொய் சொல்லும் குணத்தால் வருவதில்லை. தன் ஊர் மக்களுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற நல்லெண்ணமே அப்படி எழுதவைக்கும். இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. அந்த அறிவில் பாதி, கேட்கும்வரை அவருக்கே எண்ணாகத் தெரியாது. பீனட் பட்டர் உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டால் ரொம்ப முக்கியம் என்பார். பீனட் பட்டர் ஒரு லாரி வேண்டுமா, அதை விட்டுவிட்டு உருளைக்கிழங்கு ஐந்து லாரி வேண்டுமா என்று கேட்டால்தான் யோசிக்கத் தொடங்குவார். அந்த யோசனையில்தான் எண் பிறக்கிறது. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விட வேண்டும் என்ற நெருக்கடி இல்லாமல் அந்த அறிவு வெளியே வராது.

எதிர்ப்பு

பேராசிரியர்கள் ஏலத்தை முன்வைத்தார்கள். உணவு வங்கி இயக்குநர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவர், தான் ஒரு சோஷலிஸ்ட் என்றும், அதனால்தான் உணவு வங்கி நடத்துவதாகவும், சந்தையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும், சொல்வதைக் கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் இதற்கு எதிரானவன் என்றும் வெளிப்படையாகச் சொன்னது பதிவாகியிருக்கிறது.

இந்த எதிர்ப்பைப் பழமைவாதம் என்று கடந்துபோவது பெரிய தவறு. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவதே அதுதான். சந்தை யாருக்கு எதைக் கொடுக்கும் என்பதை அந்த இயக்குநர்கள் தினமும் கதவைத் திறக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தவர்கள். விலை கொடுக்க முடியாதவர்கள்தான் அந்தக் கதவுக்கு வருகிறார்கள். விலையே விலக்கிவைத்த மனிதர்களுக்கு உணவு கொடுக்கும் அமைப்புக்குள் விலையைக் கொண்டுவருகிறேன் என்றால் யாருக்கும் கோபம் வரும். அவர்களுடைய குறிப்பான அச்சங்கள் இவை: பணக்கார நகரத்து உணவு வங்கி நல்லதையெல்லாம் அள்ளிக்கொள்ளும், சின்ன உணவு வங்கியில் ஏலத்தைக் கவனித்துக்கொண்டு உட்கார ஆள் இல்லை, தந்திரம் தெரிந்தவன் பிழைப்பான், உழைப்பவன் ஏமாறுவான்.

இந்த அச்சங்கள் ஒவ்வொன்றும் வடிவமைப்புக்குள் ஒரு விதியாக வந்து உட்கார்ந்தது. எதிர்ப்பு இல்லாமல் நான்கு பேராசிரியர்கள் மட்டும் உட்கார்ந்து ஒரு ஏலத்தை வடிவமைத்திருந்தால் அது நேர்த்தியாக இருந்திருக்கலாம். இந்த அளவு நியாயமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு பணம் பற்றியது. டாலரில் ஏலம் நடந்தால் நன்கொடை அதிகம் பெறும் உணவு வங்கியே வெல்லும். அதனால் இந்த வலையமைப்புக்குள் மட்டும் செல்லும் ஒரு கணக்குப் பணத்தை உண்டாக்கினார்கள். அதற்கு 'ஷேர்' என்று பெயர். ஷேரை டாலராக மாற்ற முடியாது. டாலரால் ஷேர் வாங்க முடியாது.

இரண்டாவது, யாருக்கு எவ்வளவு ஷேர். இங்கேதான் பழைய தேவை விகிதம் திரும்ப வருகிறது. முன்பு அது உணவைப் பிரித்தது. இப்போது ஏலம் கேட்கும் வலிமையைப் பிரித்தது. ஏழைகள் அதிகம் உள்ள பகுதிக்கு ஷேர் அதிகம்.

மூன்றாவது முடிவுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பகலில் செலவான ஷேர்கள் எல்லாம் நள்ளிரவில் ஒன்றுதிரட்டப்பட்டு, தேவை விகிதப்படி மறுபடியும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப்படும். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: மூன்றே உணவு வங்கிகள் இருக்கின்றன, தேவை விகிதம் 5, 3, 2 என்று வைத்துக்கொள்வோம். முதலாவது வங்கி இன்று 1,000 ஷேர் கொடுத்து ஒரு லாரி சரக்கை எடுக்கிறது. மற்ற இருவரும் எதையும் எடுக்கவில்லை. நள்ளிரவில் அந்த 1,000 பிரிந்து 500, 300, 200 என்று மூவருக்கும் போகிறது. எடுத்தவருக்கு நிகரச் செலவு 500. எடுக்காத இருவரின் கையும் நாளைக்குக் கொஞ்சம் வலுவாகிறது. விட்டுக்கொடுத்தவருக்கு அடுத்த நாள் பேரம் பேசும் வலிமை கூடுகிறது. யாரிடமும் செல்வம் பரம்பரையாகக் குவிய இடமில்லை. சந்தையின் எதிரிகள் சந்தையிடம் எதைக் குறையாகச் சொல்வார்களோ, அதை இந்த ஏற்பாடு தினமும் நள்ளிரவில் திருத்துகிறது.

ஏலம் நாளுக்கு இரண்டு முறை, மூடிய முறையில். அடுத்தவர் எவ்வளவு கேட்டார் என்று தெரியாமல் ஒவ்வொருவரும் தன் தொகையை அனுப்புவார். அதிகம் கேட்டவருக்குச் சரக்கு, கேட்ட தொகையே விலை. நேரடி ஏலம் என்றால் நாள் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்திருக்க வேண்டும். அது சின்ன உணவு வங்கிகளால் முடியாது. தனக்கு நேரமே இல்லை என்பவருக்காகத் தலைமை அமைப்பின் ஊழியரே ஏலம் கேட்டுக்கொடுக்கவும் ஏற்பாடு இருந்தது. தினசரி ஷேர் வரவு குறைவாக உள்ள சின்னவர் ஒரு முழு லாரி நல்ல சரக்கை எடுக்க மாதக்கணக்கில் சேமிக்க வேண்டிவரும் என்பதால் கடன் வசதி வந்தது. வட்டி கிடையாது. இரண்டு உணவு வங்கிகள் சேர்ந்து ஒரு லாரியைக் கேட்டுப் பங்கிட்டுக்கொள்ளலாம். தன்னிடம் மிஞ்சியதை ஏலத்துக்குக் கொண்டுவந்து ஷேர் சம்பாதிக்கவும் செய்யலாம்.

சில சரக்குகளை யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் அதைக் கொடுக்கும் நிறுவனம்தான் நாளைக்கு நல்ல சரக்கையும் கொடுக்கப்போகிறது. முகம் சுளித்தால் உறவு கெடும். அதற்காக விலை பூஜ்யத்துக்குக் கீழே போகவும் அனுமதித்தார்கள். 2,000 ஷேர் வரை. அதாவது அந்தச் சரக்கை எடுத்துப்போகிறவருக்குச் சரக்கோடு ஷேரும் கிடைக்கும். எல்லோருக்காகவும் ஒருவர் சுமக்கும் பாரத்துக்குக் கணக்கில் ஓர் இடம் கிடைத்தது. பழைய வரிசையில் அதற்கு இடமே இல்லை.

ஏலம் ஒவ்வொரு லாரிக்கும் தனித்தனியாக நடந்தது. சேர்த்தே வேண்டும், ஒன்று மட்டும் வேண்டாம் என்ற வகைத் தொகுப்புக் கேட்பு இல்லை. கணிப்பியல் தெரிந்தவர்களுக்கு இது ஏன் நல்ல முடிவு என்று உடனே தெரியும். 30 லாரி இருந்தால் அவற்றிலிருந்து எடுக்கக்கூடிய தொகுப்புகள் 100 கோடிக்கும் மேல். தொகுப்பு ஏலத்தில் வென்றவர் யார் என்று கண்டுபிடிப்பது பொதுவாகக் கணிப்பொறிக்கே மிகக் கடினமான கணக்கு வகை. கணிப்பொறி சமாளித்தாலும், குடோன் நடத்துபவர் தன் கேட்பை எப்படி அமைப்பது என்று தடுமாறிப்போவார். ஒருவர் ஏன் தோற்றார் என்பதை ஒரே வரியில் சொல்ல முடிகிற ஏற்பாட்டில்தான், தோற்றவரும் மறுநாள் திரும்ப வருவார். இந்த எளிமைக்காக விட்டுக்கொடுத்த கொஞ்சம் திறன் வீண் போகவில்லை என்பது என் கணிப்பு.

தொடங்கிய பிறகு

2005 ஜூலையில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. முதலில் கண்ணுக்குப் பட்டது விலைகளின் வித்தியாசம். கார்ன்ஃப்ளேக்ஸ், பாஸ்தா, பீனட் பட்டர் போன்ற கெடாத பொருட்கள் மிக உயர்ந்த விலைக்குப் போயின. காய்கறியும் பழமும் பூஜ்யத்துக்கு அருகில் நின்றன. சில சமயம் அதற்கும் கீழே. பழைய கணக்கில் ஒரே எடையாக இருந்தவை பல மடங்கு விலகி நின்றன. எடை மட்டும் பார்த்த முறை இத்தனை ஆண்டுகள் எதைப் பார்க்கத் தவறியது என்பது முதல்முறையாக எண்ணாக வந்தது.

அடுத்தது, வேறுபட்டவர்கள் வேறுபட்டதைத் தேர்ந்தார்கள். சுற்றிலும் நன்கொடை அதிகம் உள்ள உணவு வங்கி எடையைப் பற்றிக் கவலைப்படாமல் ஷேரைச் சேர்த்துவைத்துத் தன்னிடம் இல்லாத உயர்ந்த பொருளை எடுத்தது. சுற்றிலும் எதுவும் கிடைக்காத வங்கி அதே அளவு ஷேரில் விலை குறைந்த சரக்கை லாரி லாரியாக எடுத்தது. எந்த வங்கியிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஆனாலும் குறைவாக உள்ளவருக்கு அதிக எடை போய்ச் சேர்ந்தது.

சின்ன உணவு வங்கிகள் நசுங்கிப்போகும் என்ற அச்சம் பலிக்கவில்லை. அவர்கள் கடன் வசதியைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மத்தியப் பங்கீட்டுக்கு வரும் உணவின் மொத்த அளவும் கோடிக்கணக்கான பவுண்டு கூடியது. கொடுத்த சரக்கு சீக்கிரம் கிளம்பினால் கொடுப்பவர் மறுபடியும் கொடுப்பார். தன் மிச்சத்துக்கு ஷேர் கிடைக்கும் என்றால் உணவு வங்கியும் அதைப் பொதுவில் வைக்கும்.

தலைமை அமைப்புக்கு எதிர்பாராத ஒரு வேலையும் சேர்ந்தது. உணவு வரத்து கூடிக் குறையும்போது ஷேர்களின் மொத்த எண்ணிக்கையையும் அதற்கேற்பச் சரிசெய்யாவிட்டால் விலைகள் தாறுமாறாகும். பசி தீர்க்க உட்கார்ந்தவர்கள் ஒரு சின்ன மத்திய வங்கியாகவும் இயங்க வேண்டிவந்தது.

விலைக்குத் தெரிந்ததும் தெரியாததும்

இதை ஹயக்கின் வெற்றி என்று எழுதுபவர்கள் உண்டு. பாதிதான் சரி. சிதறிய அறிவைத் திரட்ட விலை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம். ஆனால் ஷேரை முதலில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்தது விலை இல்லை. அது மேசையில் உட்கார்ந்து பேசி எடுத்த அரசியல் முடிவு. நள்ளிரவுப் பங்கீடும், வட்டியில்லாக் கடனும், டாலருக்குக் கதவடைத்ததும் அப்படித்தான். தலைகளை எண்ணும் சூத்திரம் திட்டமிடுபவரின் கருவி. அது கடைசிவரை இருந்தது. ஒரு வேலையிலிருந்து எடுத்து இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வியும், எந்தப் பொருள் எங்கே பயன்படும் என்ற கேள்வியும் பழைய முறையில் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. குழு செய்த பெரிய காரியம் அவற்றைப் பிரித்தெடுத்தது. முதலாவதை யாரும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது; வாதாடித்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதை வாதாடிக் கண்டுபிடிக்க முடியாது. அந்தந்த இடத்தில் இருப்பவர் தேர்ந்தால்தான் தெரியும்.

லாங்கே சொன்னதும் முழுக்கத் தோற்கவில்லை. இந்த ஏலமே ஒரு கணிப்பொறியில்தான் ஓடியது. சந்தையைக் கணிப்பொறியாகப் பார்க்கலாம் என்ற அவருடைய பார்வை சரி. எண்கள் ஏற்கெனவே எங்கேயோ தயாராக இருக்கின்றன என்று எடுத்துக்கொண்ட இடத்தில்தான் இந்த நிகழ்வு அவரிடமிருந்து விலகுகிறது.

இப்போது யாரும் அதிகம் பேசாத ஒன்று. ஏலம் கேட்பவர் குடோனின் இயக்குநர். பசித்தவர் இல்லை. காய்கறியின் விலை பூஜ்யத்தில் நின்றது என்றால் ஏழைக் குடும்பத்துக்குக் காய்கறி வேண்டாம் என்று பொருள் ஆகாது. காய்கறி சீக்கிரம் கெடும், குளிர்பதனம் வேண்டும், உள்ளூரிலேயே நிறைய வருகிறது, பிரித்து அடுக்க ஆள் வேண்டும் என்பதெல்லாம் அந்த பூஜ்யத்துக்குள் கலந்திருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள ஒரு பாட்டிக்குக் கீரையும் கார்ன்ஃப்ளேக்ஸும் உடம்பில் என்ன செய்யும் என்பது அந்த எண்ணில் நேரடியாக எங்கும் இல்லை. இயக்குநர் அதை மனதில் வைத்துக் கேட்டால்தான் உண்டு. விலை தன்னைக் கேட்டவர்களின் அறிவைத்தான் திரட்டும். கேட்கும் கை இல்லாதவரின் அறிவு, அது எவ்வளவு பெரிய அறிவாக இருந்தாலும், வெளியே நின்றுவிடும். நல்ல எண்ணம் கொண்ட பிரதிநிதி இருப்பதால் இங்கே அந்த இடைவெளி சின்னதாகத் தெரிகிறது. பிரதிநிதியே இல்லாத சந்தைகளில் அது எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை இந்த இடத்தில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.

அதேபோல, இங்கே வேலை செய்தது விலை என்பதாலேயே எங்கேயும் வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்வதற்கும் இடமில்லை. ஷேர் என்பது தேவையின் அளவுக்குக் கொடுக்கப்பட்டது, தினமும் புதுப்பிக்கப்பட்டது. அதனால்தான் ஒருவர் அதிகம் கேட்டார் என்றால் அவருக்கு அதிகம் வேண்டும் என்று படிக்க முடிந்தது. கையிருப்பு ஏற்றத்தாழ்வாக உள்ள இடத்தில் அதிகம் கேட்பவர் அதிகம் தேவைப்படுபவரா, அதிகம் வைத்திருப்பவரா என்று விலையைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எண் அதே எண்தான். அதிலிருந்து கிடைக்கும் அறிவு வேறு.

மாற்ற வேண்டியவை

இதுபோன்ற பங்கீட்டை வேறு எங்காவது தொடங்குபவர்களுக்கு நான் மூன்று மாற்றங்களைச் சொல்வேன்.

தேவை விகிதத்துக்குள் என்ன சேர்கிறது என்பதை ஒருமுறை முடிவு செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. எல்லா நியாயமும் அந்த ஒற்றை எண்ணின் மேல் நிற்கிறது. வறுமைக் கோட்டுக்கு மேலே கொஞ்சம் தள்ளி இருப்பவர், ஆவணம் இல்லாதவர், கணக்கெடுப்பில் விடுபட்டவர் யாருக்காகவும் அதில் ஷேர் ஏறாது. குறித்த கால இடைவெளியில் அதைத் திறந்துவைத்து, பாதிக்கப்படுபவர்கள் முன்னால் வாதாட வேண்டும். ஏலம் சுலபமாக ஓடுகிறது என்பதாலேயே இந்த வாதம் தேவையில்லை என்ற மயக்கம் வரும்.

விநியோக மையத்துக்கு வருபவர்களின் தேர்வு மேலே போக ஒரு வழி வேண்டும். பையில் அடைத்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, அலமாரியிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்ளும்படி விடுகிற மையங்கள் இருக்கின்றன. எது முதலில் தீர்கிறது, எது மிஞ்சுகிறது என்ற குறிப்பு அங்கே தினமும் உண்டாகிறது. அந்தக் குறிப்பு இயக்குநரின் திரையில், ஏலப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

மூன்றாவது காய்கறி பற்றியது. விலை பூஜ்யத்துக்குப் போகும் பொருளை எடுத்துக்கொள் என்று ஷேர் கொடுப்பதோடு நிற்காமல், எது தடுக்கிறது என்று கேட்க வேண்டும். தடை குளிர்பதன அறை என்றால், குளிர்பதன அறை கட்டத்தான் பணம் தேட வேண்டும். ஏல விதியை எவ்வளவு திருத்தினாலும் அறை வராது. அந்தப் பணம் ஷேராக இருக்க முடியாது. டாலராகத்தான் வர வேண்டும். அதை யாரிடம் கேட்பது, எந்த உணவு வங்கிக்கு முதலில் கட்டுவது என்ற கேள்விகளோடு குழு மறுபடியும் மேசையில்தான் உட்கார வேண்டியிருக்கும்.